அம்புப் பலகை பின்னர் வரும்

கம்பத்தை நட்டு, அதன் காலைச் சுற்றிக் கான்கிரீட் கொட்டினால், அது தன் பலத்தில் நிற்க நாற்பது நிமிடம் ஆகும். அதுவரை யாராவது ஒருவர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மாவட்டச் சாலைத்துறையின் பலகை கேங்கில், இருபத்தைந்து வருடமாக, அந்த ஒருவர் கடப்பாரை அக்கா. பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு மூக்குக்கு நேரே பலகை இருக்கும். படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மாவட்டத்தின் வரலாற்றை அவர் அப்படித்தான் படித்தார், நாற்பது நாற்பது நிமிடமாக. அரசுப் பட்டியலில் நாற்பத்தேழு பழைய இடங்கள் இருக்கின்றன. ஈயச் சுரங்கத்தின் புகைபோக்கி, இரண்டு வளைவுக் கல்பாலம், ஒரே அறை கொண்ட சிறைச்சாலை, கூரை போன நீராலை, உள்ளே யார் என்று யாருக்கும் தெரியாத ஒரு புதைமேடு. ஒவ்வொன்றுக்கும் பழுப்பு நிறப் பலகை. அதில் நாற்பத்தொன்றை நட்டது அக்கா. பள்ளிக்கூடத்தில் இந்த இடங்களை ஆண்டு வாரியாகச் சொல்லிக்கொடுப்பார்கள். அக்காவிடம் கேட்டால் மண் வாரியாகச் சொல்வார். "சிறைச்சாலையா? களிமண்ணு. மழை நேரத்துல போயிடாதீங்க, உள்ள போன கடப்பாரை திரும்பி வராது."

பட்டப்பெயர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே வந்தது. கேங்கில் அதுவரை பெண்கள் இல்லை. "நீ பெயின்ட் டப்பாவத் தூக்கிட்டு வந்தா போதும்மா" என்று சொல்லிவிட்டு, மேஸ்திரியும் மற்றவர்களும் டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வந்தபோது இரண்டரை அடி ஆழத்தில் மூன்று குழிகள் தயாராக இருந்தன. டப்பாவை யார் தூக்குவது என்ற பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

கேங்குக்கு ஒரு பழக்கம் உண்டு. கம்பத்தின் அடியில் இருக்கும் கான்கிரீட் கட்டியை அவர்கள் பாதம் என்பார்கள். ஈரம் காய்வதற்குள், மண்ணுக்குக் கீழே மறையும் இடத்தில், ஓர் ஆணியால் தேதியையும் கேங்கின் எண்ணையும் கீறிவிடுவார்கள். குறித்த இடத்தில் குழி போட முடியாமல் கம்பத்தைத் தள்ளி நட்டிருந்தால், எவ்வளவு தூரம் தள்ளியது என்பதையும் கீறுவார்கள். ஏதோ ஒரு லாரி மோதிக் கம்பம் சாய்ந்து, பத்து வருடம் கழித்து வேறொரு கேங் வந்து தோண்டும்போது அவர்களுக்குத் தெரிய வேண்டும் இல்லையா? அலுவலகத்து நோட்டை நம்பி யாரும் இந்த வேலை செய்வதில்லை.

அக்காவுக்கு இப்போது நாற்பத்தொன்பது வயது. வலது தோள்பட்டை மழைக்கு முதல் நாளே சேதி சொல்லிவிடும். மேற்பார்வையாளர் பதவிக்கு அவர் பெயர் மேலே போயிருந்தது. உத்தரவு வந்தால் கடப்பாரையை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டுக் கையில் அட்டையும் பேனாவுமாக நிற்கலாம். மாதக் கடைசிக்குள் வந்துவிடும் என்றார்கள்.

அந்த மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை, மலைச்சாலை வளைவில் "மாற்றுப்பாதை" பலகைகள் வைக்கும் வேலை. வளைவை அகலப்படுத்தப்போகிறார்கள். வெள்ளிக்கிழமை காலை இயந்திரம் வந்து, சாலையை ஒட்டி நிற்கும் கல் கொட்டகையை இடிக்கும். துறை அந்தக் கொட்டகையில் பல காலமாகக் காலி தார்ப் பீப்பாய்களைக் கூரை வரை அடுக்கிப் பூட்டி வைத்திருந்தது. போன வாரம்தான் பீப்பாய்களை எடுத்திருந்தார்கள். கதவில் சிவப்பு பெயின்டால் ஒரு பெருக்கல் குறி.

மழை பிடித்துக்கொண்டது. அக்காவும் லாரி டிரைவரும் கொட்டகைக்குள் ஓடினார்கள். டிரைவர் கேங்குக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. முப்பத்தைந்து வயது, வாய் சும்மா இருக்காது.

"வெள்ளிக்கிழம இடியப்போற வீட்டுல திங்கக்கிழம குடியேறுறோம், பாத்தீங்களாக்கா? நம்ம ராசி அப்படி" என்றபடி நனைந்த சட்டையைக் கழற்றி, சுவரில் எதிலோ மாட்டினார்.

எதில் மாட்டினார் என்று அக்கா பார்த்தார். கை மொத்தத்துக்கு ஓர் இரும்பு வளையம். பக்கத்தில் இன்னொன்று. இந்தச் சுவரில் மூன்று, எதிர்ச் சுவரில் மூன்று, எல்லாம் அவர் நெஞ்சு உயரத்தில். தரையில் தார் படிந்த குப்பையைக் காலால் தள்ளினார். கல் விளிம்பு தெரிந்தது. கடப்பாரையை எடுத்து வந்து கிளறினார். ஒரே கல்லில் குடைந்த தொட்டி, ஆள் நீளத்துக்கும் மேலே.

"என்னக்கா இது, குளிக்கிற தொட்டியா?"

"குதிரைக்கு."

"இங்க ஏது குதிர?"

"தபால் வண்டிக் குதிர. ஒரு ஜோடி களைச்சு வரும். இங்க கட்டிட்டு வேற ஜோடிய மாத்திப் பூட்டிட்டுக் கிளம்புவாங்க. மழையோ பனியோ, எண்ணி ஆறு நிமிஷம். அதுக்கு மேல தாமதமானா தபால்காரருக்கு அபராதம்."

டிரைவர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். "கூட இருந்து பாத்த மாதிரி சொல்றீங்க?"

"போர்டுல எழுதியிருந்துச்சுடா. நாப்பது நிமிஷம் படிச்சேன்."

சொன்ன பிறகுதான் அக்காவுக்கு விஷயம் முழுதாக உறைத்தது. அந்தப் போர்டு இங்கே இல்லை. சாலை ஏறி இறங்கும் மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே நட்டது அவர்தான்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம். மேஸ்திரி காய்ச்சலில் படுத்துவிட்டதால் அன்றைக்கு அக்கா பொறுப்பு. "தபால் குதிரை நிலையம்" என்ற பலகையும், எங்கே நட வேண்டும் என்ற சீட்டும் வந்தன. சீட்டின்படி அடித்திருந்த முளை இந்தப் பூட்டிய கொட்டகையை ஒட்டி, சாலையின் இதே பக்கத்தில் இருந்தது; எதிர்க்கரையில் நடக்கூடாது என்று சீட்டில் இருந்தது. முதல் குத்திலேயே கடப்பாரை எகிறியது. ஓர் அடிக்குக் கீழே பாறை. நான்கு இடத்தில் முயன்றார், நான்கிலும் பாறை. மண் கிடைக்கும் வரை அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டே போனார். மேட்டைத் தாண்டி அறுநூற்று நாற்பது மீட்டரில் கடப்பாரை வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. அங்கே நட்டார். நோட்டில் எழுதினார்: "பாறை. 640 மீட்டர் தள்ளி நடப்பட்டது. தூரமும் அம்பும் போட்ட சிறு பலகை தேவை." அலுவலகம் பக்கத்திலேயே பதில் எழுதியது: "அம்புப் பலகை பின்னர் வரும்."

அடுத்த மாதம் அவரை வடக்குப் பிரிவுக்கு மாற்றினார்கள். எட்டு வருடம் கழித்துத் திரும்பினார். அம்புப் பலகையை வேறு யாராவது மாட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். அந்தச் சாலையில் அவருக்கு வேலையும் வரவில்லை.

மழை விட்டதும், "வண்டிய மேட்டுக்கு அந்தப் பக்கம் விடு" என்றார்.

அங்கே ஒரு பெட்டிக்கடை, பக்கத்தில் இடிந்த சுவர் ஒன்று, சுவருக்கு முன்னால் பழுப்புப் பலகை. அம்பு இல்லை. ஒரு குடும்பம் சுவரில் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் எப்போதும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பவர். ஊரில் அவருக்குக் கூலிங்கிளாஸ் என்றே பெயர்.

"அண்ணே, இது என்ன சுவர்?" என்று அக்கா கேட்டார்.

"போர்டப் பாருங்க. தபால் குதிர நிலையம். ரொம்பப் பழசு."

"உங்களுக்குத் தெரிஞ்சத சொல்லுங்க."

கூலிங்கிளாஸ் குடும்பம் காதில் விழாத தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "எங்கப்பா கட்டின ஆட்டுக்கொட்டில். நான்தான் கல்லு எடுத்துக் கொடுத்தேன். அப்ப எனக்கு ஏழு வயசு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"யாரு கேட்டா? அரசாங்கமே வந்து போர்டு வெச்சுட்டுப் போச்சு. அரசாங்கத்தோட நான் சண்டை போடவா? ஒரு வாத்தியார் வந்து இந்த வாசப்படியில குதிரக் குளம்புத் தடம் இருக்குன்னு பிள்ளைங்களுக்குக் காட்டினாரு. எங்க கிடா முட்டி உடைச்ச கல்லு அது."

டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பொறியாளர் அறையின் முன் நின்றார். பொறியாளர் கெட்டவர் அல்ல. அந்த வளைவில் இரண்டு வருடத்தில் நான்கு விபத்துகளைப் பார்த்தவர். வளைவை நேராக்கியே தீருவது என்று இருந்தவர். வரைபடத்தை மேசையில் விரித்துக் காட்டினார்.

"பாருங்கக்கா. பட்டியல்ல குதிர நிலையம் எங்க இருக்கு? மேட்டுக்கு அந்தப் பக்கம். வளைவுல என்ன இருக்கு? தார் கொட்டகை. ஆட்சேபணை இருந்தா வியாழக்கிழம சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள சொல்லணும்னு அறிவிப்பு போட்டு ரெண்டு மாசம் ஆச்சு. ஒருத்தரும் சொல்லல."

"நான் சொல்றேன் சார்."

"எத வெச்சு?"

"போர்ட தப்பான இடத்துல நட்டது நான்."

பொறியாளர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். "அக்கா, உங்க பேரு மேல போயிருக்கு. இந்த நேரத்துல இத எழுத்துல கொடுத்தீங்கன்னா உங்க பணிப் பதிவுல ஏறும். உத்தரவு அப்படியே நின்னுடும். புரியுதா?"

"புரியுது சார். பழைய கேங் நோட்டு எங்க இருக்கும்?"

நோட்டுகள் எங்கும் இல்லை. கிடங்குக் காப்பாளர், பதினைந்து வருடத்துக்கு மேற்பட்டதெல்லாம் பழைய காகிதத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார். சொல்லிவிட்டு, "நல்ல காகிதம்க்கா அது" என்று ஆறுதலாகச் சேர்த்துக்கொண்டார்.

வீட்டில் கணவர் தையல் இயந்திரத்தில் ஒரு பள்ளிச் சீருடையைத் தைத்துக்கொண்டிருந்தார். அக்கா எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் வரை மிதியை நிறுத்தவில்லை. முடித்ததும் நிறுத்தினார்.

"இருபத்திரெண்டு வருஷமா யாரும் கேக்கல. நீயா எதுக்குப் போய் மாட்டிக்கிற?"

"நீங்க ஒரு சட்டையில கைய மாத்தி வெச்சுத் தெச்சிட்டீங்க. போட்டவனுக்குத் தெரியல. நீங்க என்ன பண்ணுவீங்க?"

"கூப்பிட்டுப் பிரிச்சுத் தெப்பேன்."

"அவ்வளவுதான்."

"சட்டையப் பிரிச்சா எனக்கு மெமோ கொடுக்க மாட்டாங்களே." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "தோளுக்குத் தைலம் தேச்சுட்டுப் படு. நாளைக்கு அலையணும்ல?"

புதன்கிழமை அலைந்தார். பழைய இடங்களின் பட்டியலை வைத்திருக்கும் அலுவலகம், நூலகத்துக்கு மேலே இரண்டு அறைகள். அதிகாரி ஒரு பெண்மணி. எல்லோரும் பட்டியல் மேடம் என்பார்கள். எதையும் இரண்டு முறை சரிபார்ப்பவர். பட்டியலைத் தயாரித்தது அவர் இல்லை. பத்தொன்பது வருடத்துக்கு முன் அவருக்கு முன்னால் இருந்தவர், ஒவ்வொரு பழுப்புப் பலகைக்குப் பக்கத்திலும் கருவியோடு நின்று, இடத்தை அளந்து ஏற்றியிருந்தார். பலகை நிற்கும் இடம்தான் பழைய இடம் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

"வளையம் எத்தனைன்னு சொன்னீங்க?" பட்டியல் மேடம் கோப்பைப் புரட்டினார்.

"ஆறு. இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் மூணு. ஒத்தக் கல்லுல தொட்டி."

மேடம் ஒரு பக்கத்தில் நின்றார். சத்தமாக வாசித்தார்: "'பழைய குறிப்பில் உள்ள ஆறு வளையங்கள் காணவில்லை. ஒற்றைக் கல் தொட்டி களவு போயிருக்கலாம்.'"

"களவு போகல மேடம். வெச்ச இடத்துலதான் இருக்கு. ஆட்டுக்கொட்டில்ல தேடினா எப்படிக் கிடைக்கும்?"

மேடத்துக்குச் சிரிப்பு வந்தது; உடனே அடக்கிக்கொண்டார். "நான் உங்கள நம்புறேன். ஆனா வளையம் பழைய கொட்டகை எதுலயும் இருக்கும், தொட்டியும் இருக்கும். பட்டியல்ல ஏறின இடம் தப்புன்னு நிரூபிச்சாத்தான் என்னால தடை எழுத முடியும். நோட்டு இல்லங்கிறீங்க. வேற என்ன இருக்கு?"

அக்கா பாதத்தைப் பற்றிச் சொன்னார். மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"மண்ணுக்குள்ள எழுதி வெப்பீங்களா? எல்லாக் கம்பத்துக்குமா?"

"எல்லாக் கம்பத்துக்கும்." அக்கா தோளைத் தேய்த்துக்கொண்டார். "அன்னைக்கு எழுதினேனான்னு மட்டும் ஞாபகம் வரல மேடம். நாலு குழி தோண்டித் தோத்து, நேரமாகி, லாரிக்காரர் ஹாரன் அடிச்சுட்டே இருந்தாரு."

"எழுதலைன்னா?"

"கொட்டகை போச்சு. மெமோ மட்டும் மிச்சம்."

மேடம் ஒரு வெள்ளைத்தாளை முன்னால் தள்ளினார். "நாளைக்கு நானே வர்றேன். ஆனா தோண்டறதுக்கு முன்னாடி, தப்பு உங்களோடதுன்னு எழுதிக் கையெழுத்து வேணும். தோண்டினப்புறம் எழுதினா ஜோடிச்ச கதைன்னு சொல்லுவாங்க. யோசிச்சுக்கோங்க."

அக்கா யோசிக்கவில்லை. ஏழு வரி எழுதினார். கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு, பழக்கதோஷத்தில் கேங்கின் எண்ணையும் போட்டார்.

வியாழன் காலை பதினொரு மணி. பலகையின் அடியில் அக்கா கடப்பாரையை இறக்கினார். டிரைவர் மண்ணை அள்ளினார். மேடம் கேமராவுடன் நின்றார். கூலிங்கிளாஸ் கடையில் இருந்தபடியே கண்ணாடித் தம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்ததையே துடைத்தார்.

இரண்டடி போயிற்று. கூழாங்கல், உடைந்த செங்கல், ஒரு சோடா பாட்டிலின் கழுத்து. பாதம் இல்லை. அக்கா கம்பத்தை அசைத்தார், ஆடியது.

"என்ன ஆச்சு?" என்றார் மேடம்.

"இது என் வேலை இல்ல."

"நீங்கதானே நட்டதா எழுதிக் கொடுத்தீங்க?"

"நான் கம்பம் நட்டா ஆடாது மேடம்." அக்கா நிமிர்ந்து கடையைப் பார்த்தார். "அண்ணே, போர்டு எப்ப நகர்ந்துச்சு?"

"போர்டா? அது எப்படிங்க நகரும்? நடந்தா போகும்?"

"அண்ணே."

கூலிங்கிளாஸ் தம்ளரை வைத்தார். "கடைய முன்னாடி இழுத்துக் கட்டினேன். உங்க கம்பம் நட்டநடுவுல நின்னுச்சு. கடைக்குள்ள கம்பம் வெச்சுக்கிட்டு நான் என்ன தோரணமா கட்ட முடியும்? அறுத்து எடுத்து இங்க நட்டேன். ரெண்டே வருஷந்தான் ஆகியிருந்துச்சு நீங்க நட்டு. ஒரு முப்பது அடி தள்ளினேன்." மேடத்தின் முகத்தைப் பார்த்தார். "சரி, அம்பது."

"அறுத்த அடி எங்க?"

"இருந்த இடத்துலதான்."

"அதுமேல இப்ப என்ன இருக்கு?"

கூலிங்கிளாஸ் திரும்பிப் பார்க்காமலேயே கட்டைவிரலால் பின்னால் காட்டினார். சிமென்ட் தரை. தரையின் மேல், அவர் உயரத்துக்கு, குளிர்பானப் பெட்டி.

"அதெல்லாம் முடியாது" என்றார் அவர், அக்கா எதுவும் கேட்பதற்கு முன்பே. "பெட்டிய நகத்தணும், தரைய உடைக்கணும். உடைச்சு எழுத்து கிடைச்சா, இத்தன வருஷம் ஆட்டுக்கொட்டிலக் காட்டினவன்னு ஊரே சிரிக்கும். அப்புறம் இந்தப் பக்கம் எவன் வருவான்? எல்லா நஷ்டமும் எனக்கு. உங்களுக்கு என்ன?"

"எனக்கு மேற்பார்வையாளர் வேலை போகும்ணே. நேத்தே கையெழுத்துப் போட்டாச்சு."

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டரை.

அக்கா கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். "ஒண்ணு சொல்லுங்கண்ணே. அந்த வளைவுல வண்டி நிறுத்த இடம் இருக்கா?"

"அங்க சைக்கிள்கூட நிறுத்த முடியாது."

"கொட்டகைப் பக்கம் கம்பம் நட மண்ணு?"

"மொத்தமும் பாறை."

"அப்ப நாளைக்கு எல்லாம் சரியாச்சுன்னா, போர்டு எங்க நிக்கும்?"

கூலிங்கிளாஸ் யோசித்தார். "இங்க."

"வண்டி?"

"இங்கதான்."

"வண்டிய விட்டுட்டு மேடேறி நடந்து போறவன், பாத்துட்டுத் திரும்பி மேடேறி வர்றவன், வந்து சேரும்போது தாகமா இருப்பானா, இருக்க மாட்டானா?"

கூலிங்கிளாஸ் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்களை டிரைவர் அன்றுதான் முதல்முறை பார்த்தாராம். சின்னக் கண்கள், கணக்காகப் பார்ப்பவை. கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "தம்பி, நீ பெட்டியோட அந்த மூலையப் பிடி" என்றார்.

தரையை உடைக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அக்காவின் தோள் வலி கழுத்துக்கு ஏறி, பிறகு பழகிவிட்டது. டிரைவர் இரண்டு முறை கடப்பாரையைக் கேட்டார். இரண்டு முறையும் "மண்ணள்ளு" என்றார் அக்கா. அறுத்த குழாயின் வாய் முதலில் தெரிந்தது. பிறகு கான்கிரீட்டின் தலை. வடக்குப் பக்கம் துடைத்தார்: தேதி. கிழக்குப் பக்கம்: கேங்கின் எண். தெற்குப் பக்கம் வழவழவென்று இருந்தது. ஒன்றும் இல்லை.

"இன்னும் ஒரு பக்கம் இருக்கே" என்றார் மேடம். அவர் குரல் மெலிந்திருந்தது.

மேற்குப் பக்கம் கடைச் சுவரின் அடித்தளத்தை உரசிக்கொண்டிருந்தது. இடையில் மூன்று விரல் நுழையும் இடைவெளி. சுவரை உடைக்க முடியாது. மணி மூன்றாகப் போகிறது. அக்கா தரையில் குப்புறப் படுத்து, இடைவெளியில் கையை விட்டு, மண்ணைக் கரண்டிக் காம்பால் நெம்பி எடுத்தார். எடுத்துவிட்டு விரலால் தடவினார். குளிர்பானப் பெட்டி இடம் மாறிய எரிச்சலில் உறுமிக்கொண்டிருந்தது.

"ஒரு கோடு" என்றார் அக்கா. விரல் நகர்ந்தது. "கோட்டு முனையில ரெண்டு சின்னக் கோடு. அம்பு மேடம். மேட்டப் பாத்து இருக்கு." மறுபடி நகர்ந்தது. "ஆறு. நாலு. சைபர்."

மேடம் கைபேசியை இடைவெளியில் செருகி, வெளிச்சம் போட்டுப் படம் எடுத்தார். ஏழாவது படத்தில் தெளிவாக விழுந்தது. அலுவலகம் அனுப்பாத அம்பு, அனுப்பும் வரை காத்திருக்காமல் ஓர் ஆணியால் கீறப்பட்டு, குளிர்பானங்களுக்கு அடியில் இருந்திருக்கிறது.

அங்கிருந்து அளவுச் சக்கரத்தை உருட்டினார்கள். மேடமே உருட்டினார்; தன் கண்ணால் பார்த்தால்தான் எழுதுவேன் என்றார். மேடு ஏறி இறங்கி, கொட்டகைக் கதவின் சிவப்புப் பெருக்கல் குறிக்கு நேரே வந்தபோது சக்கரம் 638 காட்டியது.

"ரெண்டு மீட்டர் குறையுதே?"

"நடுவுல ஒரு தடவ மேட்ட வெட்டித் தணிச்சாங்க மேடம். ரோடு கொஞ்சம் குட்டையாயிருச்சு."

மேடம் அதையும் எழுதிக்கொண்டார். உள்ளே போய் வளையங்களை எண்ணினார், இரண்டு முறை. தொட்டியின் நீளத்தை அளந்தார். கோப்பில் இருந்த பழைய குறிப்போடு ஒப்பிட்டுத் தலையாட்டினார். வளைவில் சிக்னல் இல்லை. லாரியில் மேட்டு உச்சிக்கு ஏறி, தடை உத்தரவையும் படங்களையும் அனுப்பியபோது மணி நான்கு நாற்பத்தொன்று.

ஐந்து நிமிடத்தில் பொறியாளரின் அழைப்பு வந்தது. "அக்கா, என்ன பண்ணிட்டீங்க?"

"போர்டு வேலை சார்."

எதிர்முனையில் நீண்ட மூச்சு. "காலையில இயந்திரம் வந்து நிக்கும். நான் அத வெச்சுக்கிட்டு என்ன பண்ண?"

"எதிர்ப்பக்கம் கரைய வெட்டுங்க சார். அந்தப் பக்கம் பாறை இல்ல, நல்ல மண்ணு. திங்கக்கிழம மாற்றுப்பாதை போர்டு வெச்சப்ப குத்திப் பாத்தேன்."

பொறியாளர் திட்டினார். திட்டிக்கொண்டே வெள்ளிக்கிழமை காலை எதிர்ப்பக்கக் கரையில் குத்திப் பார்க்கச் சொன்னார். மண்தான். வளைவு அந்தப் பக்கமாக அகலமானது. கொட்டகைக் கதவில் இருந்த சிவப்பு பெயின்டை அக்கா மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார். முழுதாகப் போகவில்லை, உற்றுப் பார்த்தால் இப்போதும் தெரியும்.

மாதக் கடைசியில் உத்தரவு வந்தது. மேற்பார்வையாளர் பதவிக்கு வேறு ஒருவர். அக்காவுக்கு வந்தது மெமோ. "இருபத்திரண்டு ஆண்டுகளும் மூன்று மாதங்களும் பிழையைத் தெரிவிக்காமல் இருந்ததற்கு" பதினைந்து நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும். கணவர் அதை இரண்டு முறை படித்தார். "மூணு மாசத்தக்கூட விடல பாரு" என்றார். பிறகு அக்காவின் வேலைச் சட்டையில் வலது தோளுக்கு உள்ளே பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தார்.

அம்புப் பலகைக்கு அக்கா முறைப்படி விண்ணப்பித்தார். "பின்னர் அனுப்பப்படும்" என்று பதில் வந்தது. அந்தப் பதிலைப் படித்த அன்றே, கிடங்கில் கிடந்த ஒரு பழைய பலகையை வெட்டி, பழுப்புப் பூசி, தன் கையாலேயே அம்பு வரைந்தார். கடைக்குப் பக்கவாட்டில், இந்த முறை கடை எந்தப் பக்கம் நீண்டாலும் எட்டாத இடத்தில், புதுக் குழி. சக்கரத்தை உருட்டிப் புதிதாக அளந்து, 652 மீட்டர் என்று எழுதினார். மெமோவுக்கு அவர் கொடுத்த விளக்கம் ஒரே வரி: "அம்புப் பலகை இன்று காலை நடப்பட்டது."

அந்தக் காலையில் கான்கிரீட் கொட்டிவிட்டு, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்பது நிமிடம். கூலிங்கிளாஸ் ஒரு பாட்டிலைத் திறந்து எடுத்து வந்தார்.

"குடிங்க. வெயில்ல நிக்கிறீங்க."

"ரெண்டு கையும் வேலையில இருக்குண்ணே."

"கொடுங்க, நான் பிடிக்கிறேன்." பிடித்தார். இரண்டு கையாலும், காலை அகட்டி வைத்துக்கொண்டு. "பயப்படாதீங்க, நகத்திட மாட்டேன்."

"தெரியும்." அக்கா ஒரே மூச்சில் பாதியைக் குடித்தார். "இந்தத் தடவ நகந்தா யாரக் கேக்கணும்னு பாதத்துல எழுதி வெச்சிருக்கேன்."